போமட் அடிக்க முதல் ஐந்து நிமிடம்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை கணினி திருத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாமார், தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

காலி வீதியிலும் அதிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும், அங்கால் கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கத்திலும் சிறு கடை போட்டுக் கணினி திருத்துகிற உங்களுக்குத்தான் இந்த மடல். இராமகிருஷ்ண வீதி ஐஐடியில் படித்துக்கொண்டு, மாலையில் தெரிந்தவர்களின் மடிக்கணினிகளைப் பார்த்துக் கொடுக்கிற மாணவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்களில் பலருடைய கைத்திறனைக் கண்டு நான் வாய் பிளந்திருக்கிறேன். மதர்போர்ட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிப்பை இளக்கி எடுத்து, அதே இடத்தில் இன்னொன்றை வைக்கிறீர்கள். வன்பொருளில் இத்தனை பொறுமை காட்டுகிற நீங்கள், "தம்பி, நீலமா ஒரு ஸ்கிரீன் வந்து வந்து விழுகுது" என்று ஒரு அம்மா மடிக்கணினியை மேசையில் வைத்ததும், அவர் கதைத்து முடிக்க முதல் "போமட் அடிச்சாச் சரி, அம்மா" என்கிறீர்கள். எனக்கு உங்களோடு உள்ள வழக்கு இது ஒன்றுதான்.

காரணம் விளங்காமல் இல்லை. போமட் அடிப்பதற்கு ஊரறிந்த ஒரு விலை உண்டு. அடித்து, விண்டோஸ் போட்டு, பிள்ளையின் படிப்புக்கு வேண்டியதையும் ஏற்றி, பின்னேரம் கொடுத்தால் காசு கைக்கு வரும். ஏன் விழுந்தது என்று அரை நாள் குந்தியிருந்து பார்த்தால், "பார்த்ததுக்கும் காசோ?" என்று கேட்கிற சனம் நாங்கள். ட்ரைவர் எழுதுவதும், அது விழுந்தால் ஏன் என்று தேடுவதும் என் தொழில்; தேடினாலும் கண்டுபிடித்தாலும் எனக்கு மாதக் கடைசியில் சம்பளம் வரும். உங்களுக்கோ மேசைக்கு வந்த கணினி எழும்பி வெளியே போனால்தான் வருமானம். ஆகவே அரை நாள் கேட்கவில்லை. போமட் அடிக்க முதல் ஐந்து நிமிடம் கேட்கிறேன்.

சாதாரண செயலி ஒன்று விழுந்தால், இயங்குதளம் அதை அப்புறப்படுத்திவிட்டுத் தன்பாட்டில் ஓடும். இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குள் ஏற்றப்படும் ட்ரைவருக்கு அப்படி ஒரு மதில் கிடையாது. வைஃபை ட்ரைவரும் கிராபிக்ஸ் ட்ரைவரும் வைரஸ் காவல் ட்ரைவரும் கேர்னலின் நினைவகத்திலேயே, கேர்னலுக்குள்ள அதே அதிகாரத்தோடு ஓடுகின்றன. அவற்றில் ஒன்று தொடக் கூடாத முகவரியைத் தொட்டுவிட்டால், இதுவரை யாருடைய தரவு கெட்டது என்று கேர்னலுக்கே தெரியாது. கெட்டது வட்டில் போய் எழுதப்பட முதல் விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. இப்படி எல்லாவற்றையும் கேர்னலுக்குள் போடலாமா என்று 1992இல் இயங்குதளப் பேராசிரியர் அன்ட்ரூ டனன்போமும் லினக்ஸை எழுதிய லைனஸ் டோர்வால்ட்ஸும் பகிரங்கமாகவே முட்டிக்கொண்டார்கள். அந்த விவாதத்தில் யார் வென்றார் என்பது வேறு கதை. இன்றைக்கு உங்கள் மேசைக்கு வருகிற கணினிகளில் ட்ரைவர்களில் பெரும்பாலானவை கேர்னலுக்குள்ளேயே இருக்கின்றன.

நிறுத்திக்கொள்ள முதல் அது ஒரு வாக்குமூலம் எழுதி வைக்கிறது. விண்டோஸில் அதற்கு டம்ப் என்று பெயர். போமட் அடிக்கும்போது நீங்கள் முதலில் அழிப்பது அதைத்தான்.

வாக்குமூலத்தில் வரும் பெயர் எப்போதும் குற்றவாளியின் பெயர் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன் நாடு முழுவதும் மின்சாரம் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதால் வந்த வினை என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் குரங்குப் படம் போட்டன. பிறகுதான் மின்சார சபையின் விளக்கம் வந்தது. ஞாயிறு என்பதால் மின் தேவை குறைவு. வெயில் எறித்ததால் சூரிய மின்சாரம் ஏராளம். சுழன்று ஓடும் கனத்த இயந்திரங்களின் பங்கு குறைந்திருந்ததால், ஒரு திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் உறுதி அந்த நேரத்தில் கட்டமைப்புக்கு இருக்கவில்லை. வேறொரு கிழமைநாளில் அதே குரங்கு அதே மின்மாற்றியைத் தொட்டிருந்தால் பாணந்துறையோடு முடிந்திருக்கக்கூடும். டம்பில் கண்ட முதல் ட்ரைவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் நீக்கிவிட்டு எழும்புகிறவர், குரங்கைப் பிடித்துக் கூட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்.

உலகம் கண்ட மிகப் பெரிய கேர்னல் ட்ரைவர் விழுகையிலும் இந்தப் பாடம் இருக்கிறது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு தரவுக் கோப்பை அனுப்பியது. அதன் எண் 291. 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இடைப்பட்ட 78 நிமிடத்தில் அதை வாங்கிக்கொண்டு விழுந்த விண்டோஸ் கணினிகள் சுமார் 85 இலட்சம் என்று மைக்ரோசொஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் இண்டிகோ ஊழியர்கள் கையால் எழுதிய பயண அட்டையைப் பயணிகளிடம் கொடுத்தார்கள்.

முதல் சில மணிநேரத்தில் இணையம் முழுக்க நிபுணர்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் வெறும் சுழியங்கள், அதுதான் காரணம் என்றார்கள் சிலர். கோப்பில் உள்ள சுழியங்களுக்கும் விழுகைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் மறுத்தது. விரிவான அறிக்கை வந்தபோது கதை வேறாக இருந்தது. அந்த வகைத் தரவுக்கு 21 புலங்கள் உண்டு என்று ஓரிடத்தில் வரையறுத்திருந்தார்கள். கேர்னலில் ஓடும் ட்ரைவருக்கு உள்ளீடு கொடுக்கும் நிரலோ 20ஐத்தான் கொடுத்தது. அதற்கு முன் வந்த கோப்புகள் எல்லாம் 21ஆவது புலத்தில் "எதுவாக இருந்தாலும் பரவாயில்லை" என்று விட்டிருந்ததால், அதை யாரும் எட்டிப் பார்க்கத் தேவை வரவில்லை. அன்றைக்கு வந்த கோப்புத்தான் முதன்முதலாக 21ஆவதைப் பார் என்றது. இல்லாத ஒன்றை எடுக்க ட்ரைவர் அடுத்த நினைவகத்துக்குள் கை நீட்டியது. அங்கு கிடந்த குப்பையை முகவரி என்று நம்பிப் படிக்கப்போய் விழுந்தது. கோப்பை அனுப்ப முன் சோதிக்க வேண்டிய நிரலிலும் பிழை இருந்தது. ஆக, பிழை பல மாதமாக உள்ளே உறங்கிக் கிடந்தது. ஜூலை 19இல் வந்த கோப்பு அதை எழுப்பிவிட்டது.

இதில் உங்கள் கடைக்குப் பொருந்துவது திருத்திய விதம். பாதுகாப்பான முறையில் கணினியை ஏற்றி, ட்ரைவர் கோப்புறைக்குள் போய், 291 என்ற எண்ணுள்ள அந்தக் கோப்பை அழித்தால் போதும். போமட் தேவையே இல்லை. வட்டு பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அதைத் தேடுவதில்தான் பல அலுவலகங்களுக்கு நாட்கள் போயின. மேகத்தில் ஓடும் கணினிகளுக்கு மைக்ரோசொஃப்ட் சொன்ன வழி இன்னும் வேடிக்கை: திரும்பத் திரும்ப ஏற்றிப் பாருங்கள், 15 தடவை வரை கூட ஆகலாம் என்றது. விழுவதற்கு முன் கிடைக்கும் சில நொடியில் திருத்திய கோப்பு வந்து சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. பலருக்கு அது பலித்தது. அன்றைக்கு யாராவது ஒருவர் அவசரப்பட்டு வட்டை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால், ஒரு கோப்புக்காக எல்லாக் கோப்புகளையும் இழந்திருப்பார்.

இனி ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். கணினி ஏறி விழுகிறதென்றால் பாதுகாப்பான முறையில் ஏற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்று ஒரு கோப்புறை இருக்கும். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரிலேயே திகதி இருக்கும். அப்படியே பிரதி எடுங்கள். அவ்வளவுதான், பிறகு நீங்கள் போமட் அடித்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன்.

அந்தக் கோப்புறை வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் நம் ஆட்களின் கைவேலைதான். எஸ்எஸ்டியின் ஆயுள் கூடும் என்று சொல்லிப் பேஜ் ஃபைலை நிறுத்திவைக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. விழும் நேரத்தில் விண்டோஸ் டம்பை முதலில் எழுதுவது அந்தக் கோப்புக்குள்தான். அது இல்லாவிட்டால் பெரும்பாலும் டம்பும் இல்லை. "கணினியை வேகமாக்கும்" துப்புரவு மென்பொருள்கள் இன்னொரு எமன். இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று முதலில் அள்ளி எறிவது டம்புகளைத்தான். விழுந்ததும் தானாக மீண்டும் ஏறும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள், திரையில் உள்ளதை வாசிக்க நேரம் கிடைக்கும். 2025இல் விண்டோஸ் 11இன் நீலத்திரை கறுப்பாகிவிட்டது; சோக முகமும் போய்விட்டது. ஆனால் நிறுத்தக் குறியீட்டையும், தெரிந்தால் ட்ரைவரின் பெயரையும் அதில் நேரடியாகவே காட்டுகிறார்கள். நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றம் பிடித்திருக்கிறது.

டம்பைத் திறக்க உங்களில் பலர் புளூஸ்கிரீன்வியூ வைத்திருக்கிறீர்கள். சின்னது, இலவசம், நல்லது. ஆனால் அது பலமுறை விண்டோஸ் கேர்னலின் சொந்தக் கோப்பையே காரணமாகக் காட்டும். விழுந்த இடம் அது என்பதுதான் அதன் பொருள். வேறொரு ட்ரைவர் முன்னரே நினைவகத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும். கேர்னல் பிறகு அந்த வழியால் வந்து தடுக்கி விழுந்திருக்கும். மைக்ரோசொஃப்ட்டின் விண்டிபக் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் டம்பைத் திறந்து அனலைஸ் கட்டளை கொடுத்தால், விழுந்த நேரத்தில் எந்தெந்தச் செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்தன என்று அடுக்காக வரும். கீழிருந்து மேலாக வாசியுங்கள். நடுவில் மைக்ரோசொஃப்ட்டுக்குச் சொந்தமில்லாத ஒரு பெயர் தலைகாட்டினால், அதை முதலில் விசாரியுங்கள்.

ஒரு டம்பை விட ஐந்து டம்ப் நல்லது. ஐந்திலும் ஒரே ட்ரைவர், ஒரே குறியீடு என்றால் பெரும்பாலும் மென்பொருள். ட்ரைவரைப் புதுப்பியுங்கள் அல்லது பழையதற்குத் திரும்புங்கள். ஐந்தும் ஐந்து விதமாக, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் விழுந்திருந்தால் ட்ரைவர்களை விட்டுவிட்டு ரேமைப் பாருங்கள், பிறகு சூடு, பிறகு மின்வழங்கி. கடலுக்கு ஒரு ஒழுங்கை தூரத்தில் இருக்கும் வீட்டுக் கணினியில் ரேம் பற்களில் என்ன பூக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓட விட்டுவிட்டுக் கடையைப் பூட்டுங்கள். அதற்கு உங்கள் நேரம் செலவாகாது. டியூஷன் கொடுக்கும் ஒரு டீச்சரை எனக்குத் தெரியும். அவருடைய மடிக்கணினிக்கு ஒரு கடையில் திரும்பத் திரும்பப் போமட் அடித்தார்கள். முதல் தடவையிலேயே அவருடைய வினாத்தாள்கள் போய்விட்டன. கடைசியில் கோளாறு ஒரு ரேம் பட்டையில் இருந்தது. போமட்டால் ரேம் திருந்தாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கை முதலில் போமட்டுக்குத்தான் போகிறது.

லினக்ஸ் பக்கம் இப்போது கூட்டம் கூடுகிறது. 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினிகளில் உபுண்டுவும் மிண்டும் போட்டுக் கொடுக்கிறீர்கள். நல்ல வேலை. சிக்கல் வைஃபையில் தொடங்கும். புறக்கோட்டையில் வாங்கிய யுஎஸ்பி வைஃபை குச்சிக்கு லினக்ஸ் கேர்னலோடு ட்ரைவர் வராததால், எங்கேயோ இருந்து மூலநிரலை இறக்கித் தொகுத்து ஏற்றுவீர்கள். அது இன்றைய கேர்னலுக்கு எழுதப்பட்டிருக்காது. அடுத்த மாதம் கேர்னல் புதுப்பிக்கப்படும். அந்த மொடியூல் (லினக்ஸில் ட்ரைவர் பெரும்பாலும் இப்படித்தான் ஏறும்) ஏற மறுக்கும், அல்லது ஏறி விழுத்தும். இரண்டாவதுதான் கெடுதி. முதலுதவி எளிது: கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கேர்னலைத் தேர்ந்தெடுங்கள். ஏறிவிட்டால், சந்தேகமான மொடியூலைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டுப் புதிய கேர்னலில் ஏற்றிப் பாருங்கள்.

லினக்ஸில் மொடியூல் தவறினால் எப்போதும் முழுக் கணினியும் நிற்பதில்லை. பலமுறை ஊப்ஸ் என்று ஒரு பதிவு எழுதிவிட்டு, அந்த வேலையை மட்டும் கொன்றுவிட்டு நொண்டிக்கொண்டு ஓடும். ஜேர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய இயக்கத்தின் கேர்னல் பதிவைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். நம் ஆட்கள் இங்கே செய்யும் பிழை, கடைசியாக வந்ததைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவது. ஊப்ஸ் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. 1 என்று எண்ணிட்டதைத் தேடுங்கள். முதலாவதுக்குப் பிறகு வருபவை பெரும்பாலும் அது கெடுத்துவிட்டுப் போனதன் விளைவு.

முதலாவதில் தொடப்பட்ட முகவரியைப் பாருங்கள். 0000000000000018 போலச் சுழியத்துக்குப் பக்கத்தில் இருந்தால், வெறுமையான ஒரு சுட்டியை யாரோ உண்மை என்று நம்பியிருக்கிறார்கள்; அந்த 18, பதினறும எண் முறையில் 24. அதாவது, அந்தத் தரவமைப்பின் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளி உள்ள உறுப்பை எடுக்கப் போயிருக்கிறார்கள். மூலநிரல் கையில் இருந்தால் அந்த உறுப்பு எது என்று எண்ணியே பிடித்துவிடலாம். நினைவகப் பிழைதேடும் வசதியை இயக்கியிருக்கும்போது பதிவில் 6பி6பி6பி என்று ஒரே பைட் நிரம்பி வழிந்தால், திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மொடியூல் இன்னும் தன்னுடையது என்று வைத்திருக்கிறது. அடுக்கில் சில வரிகளின் முன்னால் கேள்விக்குறி இருக்கும். அவை கேர்னலுக்கே நிச்சயமில்லாதவை, தாண்டிப் போங்கள். செயற்கூறின் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் மொடியூலின் பெயர் வரும். "டெயின்டட்" என்ற சொல்லுக்குப் பிறகு வரும் எழுத்துகளையும் விடாதீர்கள்: பி என்றால் மூலம் திறக்கப்படாத மொடியூல் ஏற்றப்பட்டிருக்கிறது, ஓ என்றால் கேர்னலோடு வராத மொடியூல். இவை இருந்தால் கேர்னல் எழுதுபவர்கள் முதலில் அவற்றை நீக்கிவிட்டு வா என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

அலுவலகச் சேர்வர்களைப் பார்த்துக் கொடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கேடம்பை இன்றே இயக்கி வையுங்கள். பேனிக் வந்து முழுவதும் நின்றுபோன கேர்னலை நம்பி வட்டில் எழுத முடியாது என்பதால், முன்கூட்டியே ஒதுக்கிவைத்த நினைவகத்தில் காத்திருக்கும் இரண்டாவது கேர்னல் எழும்பி, செத்ததன் நினைவகத்தைக் கோப்பாக எழுதிவைக்கும். விழுந்த பிறகு இதை நிறுவிப் பயனில்லை.

ஐஐடி மாணவர்களிடம் எனக்கு வேறொரு எதிர்பார்ப்பு. மேலே சொன்ன முதல் ஊப்ஸை, கேர்னல் பதிப்பு, சாதனத்தின் அடையாள எண் ஆகியவற்றோடு சேர்த்து, அந்த ட்ரைவரைப் பராமரிப்பவருக்கு அனுப்புங்கள். கொழும்பிலிருந்து அனுப்பினால் யார் பார்ப்பார் என்று நினைக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்நாட்டுத் தன்னார்வலர்கள் தொடங்கிய பேரிடர் மேலாண்மை மென்பொருளான சஹானா, பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. வைஃபைக் குச்சி ஒன்றின் ஊப்ஸ் அதை விடச் சின்ன வேலை. நன்றாக எழுதப்பட்ட பிழையறிக்கை எங்கிருந்து வந்தாலும் பராமரிப்பவருக்குச் சோறு போட்ட மாதிரி.

கடைக்காரர்களிடம் பில்லில் ஒரு வரி கேட்கிறேன். "விண்டோஸ் மீள நிறுவல்" என்பதற்குக் கீழே, "விழுந்த காரணம்: வைஃபை ட்ரைவர்" என்றோ "ரேம், இரண்டாவது பட்டை" என்றோ, தெரியாவிட்டால் "தெரியவில்லை, டம்ப் எடுத்து வைத்துள்ளோம்" என்றோ எழுதுங்கள். பார்த்ததுக்குக் காசு தரமாட்டேன் என்ற அதே ஆள், எழுதிக் கொடுத்ததுக்குத் தருவார். எங்கள் சனத்தின் குணம் அது. அதே கணினி இரண்டு மாதத்தில் திரும்பி வந்தால் நீங்கள் தொடக்கத்திலிருந்து தொடங்கவும் வேண்டியதில்லை.

டம்ப் எடுத்து வைக்கிறோம் என்று சொல்லும்போது ஒரு கவனம். மினிடம்ப் சின்னது, அதில் பெரும்பாலும் ட்ரைவர்களின் பட்டியலும் விழுந்த இடத்தின் அடுக்கும்தான் இருக்கும். முழு நினைவக டம்ப் அப்படியல்ல. விழுந்த நொடியில் திறந்திருந்த வங்கிப் பக்கம், கடவுச்சொல், மகளுக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதம் எல்லாம் அதற்குள் கிடக்கலாம். ஆகவே மினிடம்ப் போதும். முழு டம்ப் தேவைப்பட்டால் உரியவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே அழியுங்கள், கடைத் தம்பிமாரின் பென்டிரைவில் அது சுற்றக் கூடாது. மினிடம்ப்பையும் யாருக்காவது அனுப்ப முதல் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் உங்கள் அயலவன் ஒருவன்